வீட்டை அடமானம் வைத்து எம்பிஏ வேண்டாம்

மின் பொறியியல் கடைசி ஆண்டு படிக்கும் மகளை அழைத்துக்கொண்டு ஒரு பெற்றோர் வந்திருந்தார்கள். பசுமை ஆற்றல் முதலீட்டில் பெரிய பொறுப்புக்கு வர வேண்டும் என்பது அவள் ஆசை. "வெளிநாட்டு எம்பிஏ இல்லாமல் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது, வீட்டை அடமானம் வைத்தாவது அனுப்புங்கள்" என்கிறாராம் பெரியப்பா. அம்மாவுக்குத் தூக்கமே இல்லை.

அவருக்கு ஆறுதலைவிட நேரான பதில்தான் தேவை. வீட்டை அடமானம் வைக்காதீர்கள். படித்து முடித்த மாதமே தவணை கழுத்தைப் பிடித்தால், சம்பளம் அதிகம் என்பதற்காகவே எந்த வேலையையும் ஏற்க வேண்டி வரும். பசுமை ஆற்றல் ஆசை அங்கேயே முடிந்துவிடும்.

பட்டத்தின் பெயர் இந்தத் துறையில் யாரையும் காப்பாற்றியதில்லை. 2006 முதல் 2011 வரை அமெரிக்காவில் துணிகர முதலீட்டாளர்கள், அதாவது ஆபத்து தெரிந்தே புது நிறுவனங்களில் பணம் போடுபவர்கள், சுத்த ஆற்றல் ஸ்டார்ட்அப்களில் 2,500 கோடி டாலருக்கு மேல் போட்டு, அதில் பாதிக்கு மேல் இழந்தார்கள். சூரிய மின் பேனல் செய்த சோலிண்ட்ரா நிறுவனம் 53.5 கோடி டாலர் அரசு உத்தரவாதக் கடன் பெற்றும் 2011இல் திவாலானது. சிலிக்கான் விலை உயர்ந்தே இருக்கும் என்ற கணக்கில் சிலிக்கான் இல்லாத பேனல் செய்தார்கள். சிலிக்கான் விலை சரிந்ததும் கணக்கு கவிழ்ந்தது.

அதனால் முதலில் கற்க வேண்டியது ஒரு மின் நிலையத்தின் கணக்கு. அந்தக் கணக்கைப் போடுபவர்தான் ப்ராஜெக்ட் ஃபைனான்ஸ் அனலிஸ்ட். இந்த வேலையின் பெயர் உறவினர் யார் வாயிலும் வராது. ஒவ்வொரு சூரிய மின் நிலையத்துக்கும் தனியாக ஒரு நிறுவனம் தொடங்குவார்கள். செலவில் பெரும்பங்கு கடன். அந்த நிலையம் விற்கும் மின்சாரத்திலிருந்துதான் கடன் திரும்ப வர வேண்டும், தாய் நிறுவனத்தின் மற்ற சொத்தில் பொதுவாகக் கை வைக்க முடியாது. ஆகவே வெயில் எவ்வளவு கிடைக்கும் என்பதே வங்கியின் கவலை. ஆண்டு மின் உற்பத்தியை இரண்டு எண்களாக மதிப்பிடுவார்கள். பி50 என்றால் உற்பத்தி அந்த எண்ணைத் தாண்டப் பாதி வாய்ப்பு. பி90 என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு. கடன் கொடுப்பவர் பி90 எண்ணைக் கேட்பார். பேனலின் திறன் ஆண்டுக்கு ஏறத்தாழ அரை சதவீதம் குறையும், மின்கட்டமைப்பு சில நேரம் மின்சாரத்தை வாங்காது, பேனலின் நேர் மின்சாரத்தை மாறு மின்சாரமாக்கும் இன்வெர்ட்டரை இடையில் மாற்ற வேண்டி வரும். இதையெல்லாம் 25 ஆண்டுக்கு எக்செல்லில் கட்டி, எந்த ஆண்டிலும் தவணை தவறாது என்று காட்ட வேண்டும்.

இரண்டு மூன்று ஆண்டு இதைச் செய்தவளுக்குக் கதவுகள் தானாகத் திறக்கும். ஏனென்றால் பருவநிலைத் தொழில்நுட்ப ஸ்டார்ட்அப்கள் பல தடுமாறுவது ஆய்வகத்தில் அல்ல, முதல் ஆலை கட்டும்போது. அந்தத் தொகை துணிகர முதலீட்டுக்கு மிகப் பெரியது. தொழில்நுட்பமோ புதிது என்பதால் வங்கி தயங்கும். இரண்டு தரப்பின் மொழியும் தெரிந்தவர்தான் அந்த இடைவெளியை அடைக்க முடியும். நிதித் தலைவர் பொறுப்புக்கும் முதலீட்டு நிதியத்துக்கும் இப்படிப் போகலாம். எம்பிஏ அப்புறம் தேவைப்பட்டால், உதவித்தொகையிலோ வேலை தரும் நிறுவனத்தின் செலவிலோ படிக்கட்டும்.

இன்னொன்று. உறவினர் பேச்சு வந்தபோதெல்லாம் அந்தப் பெண் தலை குனிந்திருந்தாள். தனியாகக் கேட்டபோது, பேரம் பேசுவதில் விருப்பமில்லை, எண்களோடு உட்காரப் பிடிக்கும் என்றாள். அப்படியானால் நிதி திரட்டும் வேலைக்கு அவளைத் தள்ளாதீர்கள், பெரியப்பா எவ்வளவு சொன்னாலும் சரி. கடன் கொடுப்பவருக்காக நிலையத்தைப் பரிசோதிக்கும் தொழில்நுட்ப ஆலோசனை நிறுவனங்களுக்கும் சேர்த்து விண்ணப்பிக்கட்டும்.

இந்த விடுமுறையில் ஒரே ஒரு நிலையத்தின் 25 ஆண்டுக் கணக்கை அவளே கட்டிப் பார்க்கட்டும். வெயில் தரவு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பாதியில் சலிப்புத் தட்டினால் இந்த வழியும் வேண்டாம், என்னிடம் திரும்ப அழைத்து வாருங்கள், வேறு யோசிப்போம்.