ஆப்பிளும் குவால்காமும் காப்புரிமைக்காக ஏன் மோதிக்கொண்டன?

காப்புரிமை என்பது கண்டுபிடித்தவருக்கு அரசு தரும் தனியுரிமை. பொதுவாக 20 ஆண்டுகள். கட்டணம் கட்டி அதைப் பயன்படுத்தப் பெறும் அனுமதியே உரிமம்.

எல்லாக் கைபேசிகளும் ஒரே தொழில்நுட்பத் தரத்தைப் பின்பற்றினால்தான் அழைப்பு போகும். அந்தத் தரத்துக்குள்ளேயே கைபேசிச் சில்லு (சிப்) தயாரிக்கும் குவால்காம் போன்ற நிறுவனங்களின் காப்புரிமைகள் இருப்பதால் ஒதுங்கிப்போக வழியில்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பன்காரர்களுக்கு மரியன்ஹில் சுங்கச்சாவடி தெரியும். அங்கே லாரிக்குச் சக்கர அச்சுகளை எண்ணிக் கட்டணம். ஏற்றியிருப்பது உருளைக்கிழங்கா, தங்கமா என்று பார்த்து வசூலித்தால் லாரிக்காரர் சும்மா இருப்பாரா? குவால்காமோ முழுக் கைபேசியின் விலையைக் கணக்கிட்டு, அதில் ஒரு பகுதியை உரிமக் கட்டணமாகக் கேட்டது. 2017-இல் ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. (ஆப்பிள் பக்கமே நியாயம் என்பது என் எண்ணம்.) 2019 ஏப்ரலில் ஆப்பிள் பணம் கொடுக்க, சமாதானமாயிற்று.

காப்புரிமை வழக்கு என்றாலே ஒருவர் மற்றவரிடம் திருடிவிட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வழக்கில் முக்கியத் தகராறு கட்டணக் கணக்கில்தான்.