செச்சென் என்றால் என்ன?

அன்புள்ள ஐயா,

ரஷ்யாவின் தெற்கே, காகசஸ் மலைப்பகுதியில் வாழும் மக்கள் செச்சென்கள். 'செச்சென்' என்பதற்குத் துருக்கிய மொழிகளில் 'நாவன்மை உள்ளவன்' என்று பொருள் என்கிறார் ஒரு நண்பர். அவர்கள் பைபிளில் வரும் நோவாவின் வம்சம், பெயரிலேயே அது இருக்கிறது என்கிறார் இன்னொருவர். எது சரி?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டுமே இல்லை. செச்சென் என்பது ஓர் ஊரின் பெயர். செச்சென்யாவின் தலைநகரான குரோஸ்னிக்குத் தென்கிழக்கே, அர்குன் ஆற்றங்கரையில் செச்சென்-அவுல் இன்றும் இருக்கிறது. அவுல் என்றால் அந்தப் பக்கத்தில் கிராமம். ரஷ்யர்கள் அந்த ஊர்ப்பெயரைச் சுற்றியிருந்த மக்கள் எல்லோருக்கும் வைத்துவிட்டார்கள். 1732இல் அங்கே ரஷ்யப் படை தோற்ற சண்டைக்குப் பிறகுதான் பெயர் வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ரஷ்ய ஆவணத்தில் அது வந்துவிட்டது. பக்கத்தில் வாழும் கபார்டியர் என்ற மக்கள் செச்சென்களை 'ஷஷன்' என்பார்கள். ரஷ்யர்கள் அதைக் கேட்டு எடுத்துக்கொண்டிருக்கலாம். செச்சென்களின் உறவினரான இங்குஷ் மக்களுக்கும் இதே கதைதான், அவர்கள் பெயர் அங்குஷ்ட் என்ற ஊரிலிருந்து வந்தது.

உங்கள் நண்பர் சொல்லும் சொல் உண்மையில் உண்டு. துருக்கிய மொழிகளில் ஒன்றான கஸாக் மொழியில் 'ஷெஷென்' என்றால் பேச்சில் வல்லவர். செச்சென் மக்களையும் கஸாக்குகள் அதே சொல்லால்தான் அழைக்கிறார்கள். ஒலி ஒன்றாக இருப்பதாலேயே வேரும் ஒன்றாகிவிடாது.

செச்சென்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது 'நொக்சி' என்று. நோவா கதை இங்கேதான் ஒட்டிக்கொண்டது: நோவாவின் பெயரும் 'நொக்சி'யின் முதல் அசையும் கிட்டத்தட்ட ஒன்றாக ஒலிக்கின்றன. மக்கள் விரும்பிச் சொல்லும் கதை அது. சொல்லாராய்ச்சியில் அதற்கு இடமில்லை.

எனக்கு இதைவிடப் பிடித்த சொல் 'வைநாக்'. செச்சென்களையும் இங்குஷ்களையும் சேர்த்துச் சொல்வது. 'நாக்' என்றால் மக்கள். 'வை' என்பது நாம். 'நாங்கள்' என்பதற்கு 'த்கோ' என்று வேறு சொல் இருக்கிறது. ரஷ்ய மொழியிலும் ஆங்கிலத்திலும் இந்த வேறுபாடு கிடையாது. தமிழருக்கோ விளக்கவே வேண்டாம். வைநாக் என்றால் 'நம் மக்கள்'. கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் பெயர்.

1944 பிப்ரவரி 23 அன்று ஸ்டாலின் அரசு இந்த இரண்டு மக்களையும் சரக்கு ரயில்களில் ஏற்றி, பெரும்பாலும் கஸாக்ஸ்தானுக்கும் கிர்கிஸ்தானுக்கும் அனுப்பியது. ஏறத்தாழ 5 லட்சம் பேர். வழியிலும் போன இடத்திலும் குளிரிலும் பசியிலும் நோயிலும் ஏராளமானோர் செத்தார்கள். அடுத்த மாதமே அவர்களுடைய குடியரசு கலைக்கப்பட்டது, ஊர்ப்பெயர்களும் மாற்றப்பட்டன. 1957இல்தான் குடியரசு திரும்பக் கிடைத்தது. பெயரைப் பற்றி இந்த மக்கள் இவ்வளவு உணர்ச்சியோடு பேசுவதை வியப்பாகப் பார்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, நாம் எப்படி எழுதுவது? செச்சென் என்றே எழுதலாம். ரஷ்ய மொழியில் பேசும்போது அவர்களும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். 'நொக்சி' என்பதையும் ஒருமுறை குறிப்பிட்டுவிட்டு எழுதினால் நல்லது.