பாட்டி வாயைக் கட்டிப்போட்டால் பேரன் எப்படிப் பேசுவான்?

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 2 மாதம். ஏ முதல் இஸட் வரை, ஒன் டூ த்ரீ இருபது வரை ஒப்பிக்கிறான். மற்றபடி ஆப்பிள், கார், டாட்டா என்று பத்து வார்த்தைதான். இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்வதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கையைப் பிடித்து இழுத்துப் போவான். நானும் கணவரும் வேலைக்குப் போவதால் காலை 8.30 முதல் இரவு 7 வரை மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு இங்கிலீஷ் வராது; குழந்தை குழம்பிவிடுவானே என்று அதிகம் பேச்சுக் கொடுக்க வேண்டாம் எனச் சொல்லியிருக்கிறோம். சாப்பிடும்போது மட்டும் போனில் ரைம்ஸ். அடிக்கடி சளி பிடிக்கும். “அவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசுனான்” என்கிறார் மாமியார். ஸ்பீச் தெரபி தேவையா, ப்ளே ஸ்கூலில் சேர்த்தால் போதுமா?
- ஒரு தாய், கோவை

பதில்: தெரபியும் ப்ளே ஸ்கூலும் அப்புறம். மாமியாரைப் பேச வேண்டாம் என்று சொல்லி வைத்திருப்பதைப் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போகிறீர்களே, முதலில் அதற்கு வாருங்கள்.

கணக்குப் போடுங்கள். 8.30 முதல் 7 வரை பத்தரை மணி நேரம். மதியத் தூக்கம் இரண்டு மணி நேரம் என்று கழித்தாலும் எட்டரை மணி நேரம் விழித்திருக்கிறான். அவ்வளவு நேரமும் கூடவே இருக்கும் ஒரே மனுஷியின் வாயைக் கட்டிவிட்டீர்கள். சோறு ஊட்டலாம், கால் கழுவிவிடலாம், தூங்க வைக்கலாம், பேச மட்டும் கூடாது! சம்பளத்துக்கு வரும் ஆயாவிடம் இப்படிச் சொல்வீர்களா? உங்கள் கணவருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். பெற்ற தாயிடம் போய் “என் பிள்ளையோடு பேசாதே” என்று சொல்ல அவருக்கு எப்படி மனசு வந்தது? வயதானவரிடம் வேலையை மட்டும் வாங்கிக்கொண்டு உறவை வேண்டாம் என்பது நியாயமில்லை. அதற்கான விலையை இப்போது கொடுப்பது குழந்தை.

இரண்டு மொழி கேட்டால் குழந்தை குழம்பும், பேச்சு தள்ளிப்போகும் என்பதெல்லாம் தவறான எண்ணம். ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியைக் கலந்தாலும் அது கோளாறு இல்லை. வார்த்தைகளை எண்ணும்போது தமிழ், இங்கிலீஷ் இரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும். ‘தண்ணி’யை ‘ண்ணி’ என்றாலும், சோற்றை ‘மம்மம்’ என்றாலும் ஒரே பொருளுக்கு ஒரே சத்தத்தைத் தானாகச் சொன்னால் அது ஒரு வார்த்தை. ஏபிசிடி ஒப்பிப்பது இந்தக் கணக்கில் வராது. அது மனப்பாடம், அதை வைத்து அவனால் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கேட்க முடியவில்லையே!

நீங்கள் சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் படம் பார்த்துச் சொல்லும் பெயர்கள். ஆப்பிளையும் காரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பேச்சாகாது. இரண்டு வார்த்தை சேர வேண்டுமென்றால் வா, தா, போ, எடு, வேணும், வேணாம் எல்லாம் வாயில் இருக்க வேண்டும். “அம்மா வா”, “பால் தா”, “காக்கா போச்சு”. பாட்டி வீட்டு வேலைக்கு நடுவே நாள் முழுக்கச் சொல்லக்கூடியது இதைத்தான். அதைத்தான் நிறுத்தினீர்கள்.

போன் ரைம்ஸ் அந்த இடத்தை நிரப்பாது. 2003-இல் அமெரிக்காவில், குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பாட்ரிசியா கூல் குழுவினர் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். ஆள் நேரில் உட்கார்ந்து பேசி விளையாடிய குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். அதையே திரையில் பார்த்தவர்களுக்கு ஒன்றும் ஏறவில்லை. இரண்டு வயதுக் குழந்தைக்குத் திரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வேளைக்கு அரை மணி என்றால் மூன்று வேளைச் சாப்பாட்டிலேயே அது தாண்டிவிடும். போனை எடுத்துவிட்டால் சில நாள் அழுவான், குறைவாகச் சாப்பிடுவான். பசித்தால் சாப்பிடுவான், விடுங்கள்.

இனி மாமியார் செய்ய வேண்டியது. அவன் கையை இழுத்ததும் டம்ளரை நிரப்பி நீட்டிவிடக் கூடாது. டம்ளரை முகத்துக்கு நேரே பிடித்து, “தண்ணி” என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, மனசுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருக்க வேண்டும். அந்தப் பத்து எண்ணிக்கைதான் பலருக்கும் வருவதில்லை, மூன்றுக்குள் கொடுத்துவிடுவார்கள். ‘ண்ணி’ என்றோ வெறும் ‘ஆ’ என்றோ சத்தம் வந்தால் உடனே கொடுக்கட்டும். பத்து எண்ணியும் வரவில்லையா, “தண்ணி, இந்தா” என்று கொடுத்துவிடலாம். “சொன்னாத்தான் தருவேன்” என்று மல்லுக்கட்டினால் அழுகைதான் மிஞ்சும். அவன் ‘தண்ணி’ என்றால் பாட்டி “தண்ணி குடி” என்பார். அவன் சொல்வதைவிட ஒரு வார்த்தை கூடுதல், அவ்வளவே. “இது என்ன? அது என்ன?” என்று பரீட்சை வைக்க வேண்டாம். கீரை ஆயும்போது, துணி மடிக்கும்போது கையில் இருப்பதைச் சொல்லிக்கொண்டே செய்யட்டும். தெரிந்த பாட்டைப் பாடி, கடைசி வார்த்தைக்கு முன்னால் நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்க்கட்டும்.

அதற்காகப் பேச்சுக் கொடுத்தால் மட்டும் போதும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். இரண்டு வயது தாண்டியும் இரண்டு வார்த்தை சேரவில்லை என்றால் பரிசோதனை வேண்டும். ‘அப்பனும் லேட்’ என்பது காத்திருக்கக் காரணமாகாது. இந்த விஷயத்தில் மாமியார் சொல்வதைக் கேட்காதீர்கள்.

இந்த வாரமே காது. பிறந்தபோது செய்த சோதனை சரியாக இருந்தது என்பது இன்றைக்குச் செல்லாது. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்து, சத்தம் மந்தமாகக் கேட்கலாம். பெரும்பாலும் வலி இல்லாததால் வீட்டில் தெரியாது. ஈ.என்.டி. டாக்டரிடம் டிம்பனோமெட்ரி (செவிப்பறை சரியாக அசைகிறதா என்று பார்ப்பது), ஓ.ஏ.இ. (உள்காது வேலை செய்கிறதா என்று பார்ப்பது) பற்றிக் கேளுங்கள், தேவைப்பட்டால் தூங்கவைத்து பெரா (சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் தரும் பதிலை அளப்பது) எடுப்பார்கள்.

இன்னொன்று. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? நாய், விமானம் கண்டால் விரலை நீட்டிக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? முன்பு சொன்ன வார்த்தை ஏதாவது காணாமல் போயிருக்கிறதா? கையை இழுத்துப் போவதை எழுதினீர்கள், விரல் நீட்டுவதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. முதல் இரண்டுக்கு ‘இல்லை’ என்றாலோ மூன்றாவதற்கு ‘ஆமாம்’ என்றாலோ, ஆட்டிசம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று வயது ஆகட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவமனையில் உள்ள மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தில் காசில்லாமலே பார்ப்பார்கள்.

தெரபி தேவை என்று சொன்னால், வீட்டில் பேசும் தமிழிலேயே வேண்டும் என்று கேளுங்கள். வாரத்தில் ஓரிரு மணி நேரம் அங்கே சொல்லிக்கொடுப்பதை மீதி நேரமெல்லாம் வீட்டில் செய்யப்போவது மாமியார். அதனால் லீவு போட்டுக்கொண்டு நீங்கள் மட்டும் கிளம்பாதீர்கள், அவரையும் அழைத்துப் போங்கள். எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம், எப்போது திரும்பிப் பார்க்கிறான் என்று டாக்டர் கேட்டால் அந்த வீட்டில் பதில் தெரிந்தவர் அவர்தான். அதற்கு முன் இன்று இரவே கணவரும் நீங்களும் அவர் எதிரில் உட்கார்ந்து, அப்படிச் சொன்னது எங்கள் தப்பு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.