கேச் பெட்டி வாங்கினால் ஆபீஸ் இன்டர்நெட் வேகமாகுமா?

கேள்வி: கோவையில் ஆடிட்டர் அலுவலகம் நடத்துகிறோம். 45 கம்ப்யூட்டர்கள், 100 எம்பிபிஎஸ் பைபர் லைன். காலை பத்து மணிக்கும், ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாட்களிலும் இன்டர்நெட் இழுத்துக்கொண்டே இருக்கிறது. வெப் கேச் அப்ளையன்ஸ் ஒன்றை வைத்தால், ஒருமுறை வந்த பக்கம் அடுத்த முறை ஆபீஸுக்குள்ளிருந்தே வந்துவிடும், வேகம் இரட்டிப்பாகும் என்று ஒரு விற்பனையாளர் சொல்கிறார். விலை 80,000 ரூபாய். வாங்கலாமா? வாங்கினால் எப்படிப் பொருத்துவது, எப்படிப் பராமரிப்பது?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். அவர் சொல்வது ஒரு காலத்தில் முழு உண்மையாக இருந்தது. இன்று உங்களைப் போன்ற அலுவலகத்துக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. ஏன் என்று தெரிந்துகொண்டால், அதே பணத்தை வேறெங்கே போடலாம் என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு அலுவலகம் முழுக்க 64 கேபிபிஎஸ் லீஸ்டு லைனில் ஓடிய காலம் உண்டு. அப்போது ஒரே செய்தித் தளத்தைப் பத்துப் பேர் திறந்தால் ஒரே படம் பத்து முறை அந்த லைனில் வரும். நடுவில் ஒரு கேச் இருந்தால் முதல் ஆளுக்கு வந்ததைச் சேமித்து வைத்து மற்ற ஒன்பது பேருக்கும் கொடுத்துவிடும். இப்படிக் கேச் செய்ய இன்றும் பலரும் பயன்படுத்தும் ஸ்க்விட் என்ற இலவச மென்பொருள் 1996இல் வந்தது. கேச்ஃப்ளோ என்ற நிறுவனம் இதையே ரேக்கில் மாட்டும் பெட்டியாகச் செய்து விற்றது, பின்னாளில் ப்ளூ கோட் என்று பெயர் மாறியது. அந்தப் பெட்டிகள் அன்றைக்கு உண்மையிலேயே போட்ட காசை எடுத்துக் கொடுத்தன.

நிலைமையை மாற்றியது எச்டிடிபிஎஸ், அதாவது தளத்துக்கும் உங்கள் கம்ப்யூட்டருக்கும் இடையே போவதையெல்லாம் பூட்டி அனுப்பும் முறை. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு, தளங்கள் இந்தப் பூட்டைப் போடத் தேவையான சான்றிதழ்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. 2018 ஜூலையில் குரோம், பூட்டு இல்லாத தளங்களை எல்லாம் 'பாதுகாப்பற்றது' என்று காட்டத் தொடங்கியது. இன்று உங்கள் ஊழியர்கள் திறக்கும் தளங்களில் அநேகமாக எல்லாமே எச்டிடிபிஎஸ்தான். நடுவில் உள்ள பெட்டிக்கு இது சீல் வைத்த கவர் மாதிரி: எந்தத் தளத்துக்குப் போகிறது, எத்தனை பைட் என்பது தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. தெரியாததைச் சேமித்து வைத்து இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது.

உங்கள் தொழிலில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்னைத் தாக்கல் செய்ய 45 பேரும் ஒரே போர்ட்டலைத்தான் திறக்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் பார்ப்பது வேறு வேறு வாடிக்கையாளரின் கணக்கு. அந்தப் பக்கங்களைச் சேமிக்கவும் கூடாது, சேமித்தாலும் அடுத்தவருக்குப் பயன்படாது. கடைசி நாளில் போர்ட்டலின் சர்வர்களே திணறினால் உங்கள் அலுவலகத்தில் எந்தப் பெட்டியை வைத்தும் பலனில்லை.

இதையெல்லாம் கேட்டால் விற்பனையாளர், "எங்கள் பெட்டி எச்டிடிபிஎஸ்ஸையும் திறந்து கேச் செய்யும்" என்பார். செய்யும்தான். அதற்கு அந்தப் பெட்டி உருவாக்கும் மூலச் சான்றிதழை, அதாவது அது தரும் எந்தச் சான்றிதழையும் நம்பு என்று சொல்லும் சான்றிதழை, 45 கம்ப்யூட்டர்களிலும் ஏற்ற வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு தளத்தின் பெயரிலும் அதுவே சான்றிதழ் தயாரித்துக் கொடுத்து, இடையில் நின்று எல்லாவற்றையும் பிரித்துப் படித்து, மறுபடி பூட்டி அனுப்பும். உங்கள் வாடிக்கையாளர்களின் வங்கிக் கணக்கு விவரம், வருமான வரி போர்ட்டல் பாஸ்வேர்டு எல்லாம் அந்தப் பெட்டிக்குள் வெறும் எழுத்தாகக் கடந்து போகும். அந்தப் பெட்டியின் ரகசியச் சாவி யார் கையிலாவது சிக்கினால் 45 கம்ப்யூட்டர்களின் இணைய நம்பிக்கையும் அவர் கையில். போதாததற்கு, குறிப்பிட்ட சான்றிதழை மட்டுமே ஏற்கும் செயலிகள் வேலை செய்யாமல் நின்றுவிடும். ஆடிட்டர் அலுவலகத்தில் கொஞ்சம் வேகத்துக்காக இதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சரி, அப்படியானால் காலை பத்து மணிக்கு என்னதான் நடக்கிறது? அதைக் கண்டுபிடிக்க ஒரு பைசா செலவில்லை. கேபிளில் இணைந்த ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு கமாண்டு விண்டோ திறந்து, ஒன்றில் உங்கள் ரவுட்டரின் ஐபிக்கும் இன்னொன்றில் கூகுளின் பொதுச் சர்வரான 8.8.8.8க்கும் பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் கட்டளை) ஓடவிடுங்கள். ஒன்பதரை மணிக்கே தொடங்கிவிடுங்கள், அப்போதுதான் அமைதியான நேரத்து எண் கிடைக்கும். வழக்கமாக 8.8.8.8 பத்திருபது மில்லிசெகண்டில் பதில் தரும் என்று வைத்துக்கொள்வோம். பத்து மணிக்கு அது 300, 400 என்று ஏறி, ரவுட்டருக்கான பிங் மட்டும் ஒன்றிரண்டிலேயே நின்றால் உங்கள் லைன் நிரம்பி வழிகிறது. ரவுட்டருக்கான பிங்கே தடுமாறினால் கோளாறு உள்ளே: சுவிட்ச், கேபிள், அல்லது ரவுட்டரே. இரண்டும் நன்றாக இருந்து போர்ட்டல் மட்டும் இழுத்தால் பிரச்சினை அந்தப் பக்கம். வைஃபையில் உள்ளவர்கள் மட்டும் புலம்பினால், இன்டர்நெட்டை விட்டுவிட்டு ஆக்சஸ் பாயின்டைப் பாருங்கள்.

லைன் நிரம்புகிறது என்றால் முதல் சந்தேகம் அப்லோடு மேல். 100 எம்பிபிஎஸ் என்பது டவுன்லோடு மட்டும்தானா, அப்லோடும் அதேதானா என்று சேவை நிறுவனத்திடம் கேளுங்கள். காலையில் எல்லாரும் கம்ப்யூட்டரைப் போட்டதும் ஒன்டிரைவ், கூகுள் டிரைவ், டேலி பேக்கப் எல்லாம் சேர்ந்து மேலே ஏற்றத் தொடங்கும். அப்லோடு அடைத்துக்கொண்டால் டவுன்லோடும் படுத்துவிடும், ஏனென்றால் பக்கம் கேட்டு அனுப்பும் சின்னச் சின்னக் கோரிக்கைகளும் அந்த வரிசையின் கடைசியில்தான் போய் நிற்கும். இதற்கு மருந்து ரவுட்டரில் வரிசை மேலாண்மை. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருளில் எஸ்க்யூஎம் என்றும், மைக்ரோடிக்கின் ரவுட்டர்ஓஎஸ் 7இல் கேக் அல்லது எஃப்க்யூ-கோடெல் என்றும் இருக்கும். உண்மையில் கிடைக்கும் வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை வரம்பாக வைத்து இதை இயக்குங்கள். வரிசை சேவை நிறுவனத்தின் கருவியில் சேராமல் உங்கள் கட்டுப்பாட்டில் சேரும். பெரிய அப்லோடு கொஞ்சம் மெதுவாகும், போர்ட்டல் பக்கங்கள் உடனே வரும். பல அலுவலகங்களுக்கு இது ஒன்றே போதும்.

அடுத்தது விண்டோஸ் அப்டேட். மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய் பாதுகாப்பு அப்டேட் வெளியிடுகிறது. நம் நேரப்படி அது இரவு பத்தரை அல்லது பதினொன்றரை, அதாவது உங்கள் கம்ப்யூட்டர்கள் அதைப் பார்ப்பது புதன்கிழமை காலையில். அந்தப் புதன் எப்போதும் 9ஆம் தேதிக்கும் 15ஆம் தேதிக்கும் இடையில்தான் விழும். விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னுக்குக் கடைசி நாள் 11. உங்கள் நெருக்கடி நாட்களோடு அது ஏன் மோதுகிறது என்று இப்போது தெரிகிறதா? ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு ஜிபி என்று வைத்தாலும் 45 ஜிபி. 100 எம்பிபிஎஸ் லைன் வேறு எதையும் செய்யாமல் முழுதாக ஒரு மணி நேரம் அதற்கே ஓட வேண்டும்.

கேச் என்ற யோசனை உண்மையிலேயே பலன் தரும் இடம் இதுதான், ஏனென்றால் 45 கம்ப்யூட்டர்களும் கேட்பது அச்சு அசலாக ஒரே ஃபைல். அதற்கான கேச் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. விண்டோஸ் 10, 11இல் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று ஒரு வசதி உண்டு. ஒரு கம்ப்யூட்டர் இறக்கிய அப்டேட்டைப் பக்கத்துக் கம்ப்யூட்டர்கள் அதனிடமிருந்தே வாங்கிக்கொள்ளும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் வழியாகப் போய், மற்ற கம்ப்யூட்டர்களிடமிருந்து பெறுவது இயக்கத்தில் இருக்கிறதா, 'உள் நெட்வொர்க் மட்டும்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே உள்ள ஆக்டிவிட்டி மானிட்டர், இந்த மாதம் எவ்வளவு மைக்ரோசாஃப்டிடமிருந்து வந்தது, எவ்வளவு உள்ளிருந்து வந்தது என்று பிரித்துக் காட்டும். உள்ளிருந்து வந்தது சுழியம் என்றால் ஏதோ தடுக்கிறது. வழக்கமான காரணங்கள் மூன்று. ஆன்டிவைரஸ் ஃபயர்வால் டிசிபி 7680 போர்ட்டை மூடியிருக்கும். வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி ஐசோலேஷன் போட்டிருக்கும். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: இரண்டு லைன் வைத்து லோடு பேலன்ஸ் செய்தால், வெளி ஐபி வேறாக இருப்பதால் கம்ப்யூட்டர்கள் தங்களை வேறு வேறு அலுவலகம் என்று நினைத்துக்கொள்ளும். அப்போது குரூப் பாலிசியில் டவுன்லோடு மோடை 'குரூப்' என்று மாற்றி, எல்லாவற்றுக்கும் ஒரே குரூப் ஐடி கொடுத்துவிடுங்கள். வேலை நேரத்துக்கான வேக வரம்பையும் அதே இடத்தில் வைக்கலாம்.

மேக் கம்ப்யூட்டர்களும் ஐபோன்களும் நிறைய இருந்தால், எப்போதும் கேபிளில் இருக்கும் ஒரு மேக்கில் ஷேரிங் பகுதியில் உள்ள கன்டென்ட் கேஷிங்கை இயக்கினால் போதும். மேக்ஓஎஸ்ஸின் ஹை சியரா பதிப்பிலிருந்து, 2017 முதல், அது எல்லா மேக்கிலும் உண்டு.

இவ்வளவும் செய்த பிறகும் கேச் வேண்டுமா என்று சந்தேகம் இருந்தால், 80,000 ரூபாய்க்கு முன் ஒரு பழைய கம்ப்யூட்டரில் சோதித்துப் பாருங்கள். 8 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி, உபுண்டு என்ற இலவச லினக்ஸ் இயங்குதளம், ஸ்க்விட் போதும். நிறுவியதும் யாருக்கும் எதுவும் திறக்காது. உபுண்டுவில் உள் நெட்வொர்க்கை அனுமதிக்கும் வரி இயல்பாக முடக்கப்பட்டிருக்கும், அதை உங்கள் ஐபி வரம்புக்கு ஏற்ப இயக்க வேண்டும். எல்லாவற்றையும் மறுக்கும் கடைசி வரியை எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். ஸ்க்விடின் 3128 போர்ட் வெளியிலிருந்து தெரிந்தால், முன்பின் தெரியாதவர்கள் உங்கள் முகவரியில் உலாவத் தொடங்கிவிடுவார்கள்.

கேச் டைரக்டரிக்கு 50 ஜிபி ஒதுக்கினால், ஒரு ஜிபிக்கு சுமார் 14 எம்பி என்ற கணக்கில் அட்டவணைக்கு மட்டும் 700 எம்பி ராம் போகும். டிஸ்க்கை முழுதாகக் கொடுத்துவிடாதீர்கள், ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். கேச்சில் சேரும் ஒரு ஃபைலின் அதிகபட்ச அளவு இயல்பாக 4 எம்பிதான். பெரிய ஃபைல்கள் சேர வேண்டுமானால் அதை உயர்த்தும் வரி, கேச் டைரக்டரி வரிக்கு மேலே இருக்க வேண்டும். மாற்றம் செய்த ஒவ்வொரு முறையும் ஸ்க்விடின் பார்ஸ் கட்டளையால் எழுத்துப் பிழை பார்த்துவிட்டு, அப்புறம் ரீகான்ஃபிகர் செய்யுங்கள்.

கம்ப்யூட்டர்களை இதன் வழியே திருப்ப பிஏசி ஃபைலை, அதாவது எந்தக் கோரிக்கை எந்த வழியில் போக வேண்டும் என்று உலாவிக்குச் சொல்லும் சின்ன ஃபைலை, பயன்படுத்துங்கள். அதில் முதலில் ப்ராக்ஸி (நடுவில் நின்று கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் இந்த ஸ்க்விட் பெட்டி), அது கிடைக்காவிட்டால் நேரடி என்று எழுதினால், பெட்டி படுத்தாலும் அலுவலகம் நிற்காது. டிஜிட்டல் கையெழுத்துக்கான எம்சைனர் போன்றவை அந்தந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே லோக்கல்ஹோஸ்ட்டோடு, அதாவது அந்தக் கம்ப்யூட்டரின் சொந்த முகவரியோடு, பேசுபவை. ஆகவே லோக்கல்ஹோஸ்ட், 127.0.0.1, உள் சர்வர்கள் எல்லாம் நேரடியாகப் போகட்டும். இதை விட்டுவிட்டால் 20ஆம் தேதி மாலை கையெழுத்து விழாமல் எல்லாரும் டோக்கனைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு வாரம் ஓடிய பிறகு ஆக்சஸ் லாக்கைத் திறந்து பாருங்கள். 'டனல்' என்று உள்ள வரிகள் சீல் வைத்த போக்குவரத்து. 'ஹிட்' என்று உள்ளவைதான் கேச் கொடுத்தவை. எத்தனை கோரிக்கைகள் என்பதைவிட எத்தனை பைட் ஹிட் ஆனது என்பதுதான் முக்கியம், அந்தச் சதவீதத்தை ஸ்க்விடின் மேனேஜர் அறிக்கை நேரடியாகவே காட்டும். உங்கள் அலுவலகத்தில் அது மிகச் சிறியதாகவே வரும் என்று எதிர்பார்க்கிறேன். நூற்றுக்கணக்கான உபுண்டு கம்ப்யூட்டர்கள் உள்ள கல்லூரி லேப் என்றால் கதை வேறு. உபுண்டு தொகுப்புகள் இன்றும் பெரும்பாலும் சாதாரண எச்டிடிபியில் வருவதால் அங்கே கேச் நன்றாகவே வேலை செய்யும்.

லாக்குக்காகவோ, சில தளங்களைத் தடுப்பதற்காகவோ ப்ராக்ஸியை வைத்துக்கொள்ள நினைத்தால் அது நியாயமான காரணம்தான். ஆனால் அதற்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. பழைய லாக்குகளைச் சுழற்றி நீக்கும் உபுண்டுவின் லாக்ரொட்டேட், இயல்பான அமைப்பில் சில நாட்களோடு பழையதை அழித்துவிடும், அதை மாற்றுங்கள். லாக் பதிவாகிறது என்பதை ஊழியர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெட்டியை யூபிஎஸ்ஸில் வையுங்கள். கரண்ட் போய்ப் பாதியில் அணைந்தால், திரும்ப எழும்போது ஸ்க்விட் கேச் அட்டவணையை டிஸ்க்கிலிருந்து மறுபடி கட்ட நெடுநேரம் எடுக்கும். பாதுகாப்பு அப்டேட்டுகளையும் தள்ளிப்போடாதீர்கள். 2023இல் ஓர் ஆய்வாளர் ஸ்க்விடில் 55 குறைகளைப் பட்டியலிட்டு வெளியிட்டபோது பல அப்போதும் சரிசெய்யப்படாமல் இருந்தன.

விற்பனையாளருக்கு என்ன பதில் சொல்வது? பெட்டியை 9ஆம் தேதி முதல் 20ஆம் தேதி வரை சோதனைக்கு வைக்கச் சொல்லுங்கள், எச்டிடிபிஎஸ் திறக்கும் வசதியை அணைத்துவிட்டு. 21ஆம் தேதி காலை பைட் ஹிட் சதவீதத்தை உங்கள் கண் முன்னால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். லைசென்ஸ் ஆண்டுதோறும் எவ்வளவு, அது முடிந்தால் பெட்டி எதையெல்லாம் நிறுத்திவிடும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.