தூக்கத்தைக் குறைத்தால் படிப்பு கூடுமா?

அன்புள்ள ஐயா,

பள்ளியில் இது எனக்குக் கடைசி ஆண்டு. இரவு பன்னிரண்டரை வரை படிக்கிறேன், காலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுகிறேன். இவ்வளவு நேரம் நான் படித்ததே இல்லை. ஆனாலும் மதிப்பெண் ஏறவில்லை. பக்கத்தை மூடினால் படித்தது எதுவும் ஞாபகம் வருவதில்லை, வகுப்பில் கண் சொருகுகிறது. என் தோழி நான்கு மணி நேரம்தான் தூங்குவதாகவும் அதுவே போதும் என்றும் சொல்கிறாள். சீக்கிரம் படுத்தால் குற்றவுணர்ச்சியாக இருக்கிறது, தூக்கமும் வருவதில்லை. படிப்பு, தூக்கம், நிம்மதி மூன்றில் எதை விடுவது? தேர்வுக்கு முந்தைய இரவாவது விழித்துப் படிக்கலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள மாணவிக்கு,

எதையும் விட வேண்டாம். வரிசையை மட்டும் மாற்றுங்கள். இப்போது படிப்புக்குப் போக மிஞ்சும் நேரத்தில் தூங்குகிறீர்கள். தூக்கத்துக்கான நேரத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்ச நேரத்தில் படியுங்கள். உங்கள் மதிப்பெண்ணை மனதில் வைத்தேதான் இதைச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட அதே கேள்வியை எடுத்துக்கொண்ட ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த 535 பள்ளி மாணவர்கள் 14 நாட்களுக்கு, எவ்வளவு நேரம் படித்தோம், எவ்வளவு நேரம் தூங்கினோம், மறுநாள் வகுப்பு எப்படிப் போனது என்று குறித்து வந்தார்கள். வழக்கத்தைவிட அதிகம் படிப்பதற்காகத் தூக்கத்தைக் குறைத்தவர்களுக்கு, மறுநாள் பாடம் புரிவதில் சிரமம் இருந்தது, தேர்விலும் தடுமாறினார்கள். கூடுதலாகப் படித்தும் அதுதான் கதி. உங்கள் கடிதத்தில் இருப்பதும் இதுவே.

படித்தது உடனே மனதில் பதிந்துவிடுவதில்லை. பகலில் கற்றதை முதலில் பிடித்து வைக்கும் மூளைப்பகுதிக்கு ஹிப்போகேம்பஸ் என்று பெயர். ஆழ்ந்த தூக்கத்தில் அது அன்றைய அனுபவங்களை மறுபடி ஓட்டிப் பார்க்கிறது. அப்போதுதான் அவை மூளையின் மற்ற பகுதிகளில் நிலைபெறத் தொடங்குகின்றன. 1924இலேயே ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதன் அடையாளத்தைக் கண்டார்கள். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்தவர்கள், சில மணி நேரம் விழித்திருந்த பிறகு நினைவில் வைத்திருந்ததைவிட, அதே அளவு தூங்கி எழுந்த பிறகு அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஆகவே இரவு பத்தரைக்குப் புத்தகத்தை மூடிவிட்டுப் படுக்கும்போது படிப்பை நிறுத்திவிட்டதாக நினைக்காதீர்கள். அதன் அடுத்த பகுதி அப்போதுதான் தொடங்குகிறது.

உங்கள் தோழியைப் பற்றி. அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. 2003இல் வெளியான ஒரு ஆய்வில் பெரியவர்கள் சிலரை 14 நாட்கள் தினமும் ஆறு மணி நேரம், சிலரை நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். கவனமும் நினைவாற்றலும் நாளுக்கு நாள் சரிந்தன. ஆறு மணி நேரம் தூங்கியவர்கள்கூட, முழு இரவும் விழித்தவர்களைப் போல் ஆகிவிட்டார்கள். எனக்குக் கவலை தருவது அடுத்த விஷயம். தங்கள் திறன் இவ்வளவு குறைந்திருக்கிறது என்று அவர்களுக்கே தெரியவில்லை. முதல் சில நாட்களுக்குப் பிறகு களைப்பு பழகிவிட்டது, சரிவு மட்டும் தொடர்ந்தது. ‘எனக்கு நான்கு மணி நேரம் போதும்’ என்று ஒருவர் மனதாரச் சொல்லலாம். அப்படி எடை போடும் மூளையே தூக்கம் கெட்ட மூளை என்பதுதான் சிக்கல். அவரோடு உங்களை ஒப்பிடாதீர்கள். முடிந்தால் இந்தப் பதிலை அவரிடமும் காட்டுங்கள்.

13 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரை. இந்த ஆண்டில் பத்து மணி நேரம் நடக்காது என்று எனக்கும் தெரியும். எட்டு மணி நேரம் கேட்கிறேன். விடியற்காலையில் படித்தால்தான் மனதில் நிற்கும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அதற்கு முன் நன்றாகத் தூங்கியிருந்தால் நிற்கும், கடிகாரத்தில் ஐந்து மணி ஆனதற்காக நிற்காது. பதின்பருவத்தில், தூக்கத்துக்கு உடம்பைத் தயார்செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோன் இரவில் தாமதமாகவே சுரக்கத் தொடங்குவதால் தூக்கமும் தாமதமாக வருகிறது, விடியலில் எழுவதும் கடினமாகிறது. இது உடம்பின் இயல்பு. சோம்பேறி என்று யாராவது சொன்னால் மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சரி, எட்டு மணி நேரம் தூங்கினால் தினமும் மூன்றரை மணி நேரப் படிப்பு போய்விடுமே? போகும்தான். முதல் வாரம் பயமாகவும் இருக்கும். ஆனால் அந்த மூன்றரை மணி நேரமும் இப்போது உங்களுக்குப் பயன்படவில்லை என்று உங்கள் கடிதமே சொல்கிறது. பக்கத்தை மூடினால் ஞாபகம் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் மூடிப் பார்ப்பது கடைசியில் ஒருமுறை மட்டும் என்று ஊகிக்கிறேன். அதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மாணவர்களில் ஒரு குழு ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61 சதவீதம். திரும்பப் படிக்கும்போது வரிகள் பழகிப்போவதால் எல்லாம் தெரிந்துவிட்டது போலத் தோன்றும். அந்த நம்பிக்கைதான் தேர்வறையில் கைவிடுகிறது. அதனால் ஒரு பகுதியைப் படித்ததும் புத்தகத்தை மூடி, நினைவுக்கு வருவதை வெற்றுத்தாளில் எழுதுங்கள், பிறகு திறந்து விட்டுப்போனதை மட்டும் பாருங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. கணக்கு என்றால் தீர்த்த கணக்கைப் பார்க்காமல் மறுபடி போடுங்கள். எரிச்சலூட்டும் வேலைதான், மூளை களைத்துவிடும். ஆனால் இப்படி ஒரு மணி நேரம் படிப்பது, கண் சொருகிக்கொண்டு மூன்று மணி நேரம் வரிகளை மேய்வதைவிட மேல் என்று உறுதியாகச் சொல்வேன்.

அடுத்து, படுத்தும் தூக்கம் வராதது. படுக்கையில் மனதைச் சுற்றுவது பெரும்பாலும் முடிக்காத வேலைகள்தான். 2018இல் வெளியான ஒரு ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் அடுத்த சில நாட்களில் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்களுக்கு இன்னும் சீக்கிரம் தூக்கம் வந்தது. ‘வேதியியல் படிக்க வேண்டும்’ என்று எழுதாமல் எந்தப் பாடம், எந்தக் கேள்விகள் என்று எழுதிவிட்டுப் படுங்கள். படுக்கையில் உட்கார்ந்து படிக்க வேண்டாம், கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். காபி, தேநீர் மதியத்தோடு போதும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னால் அதிகமாகக் குடித்தாலும் தூக்கம் குறையும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மாட்டேன். வாரக்கணக்கில் தூக்கமே வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், காரணம் தெரியாமல் அழுகை வந்தால், ‘இருந்து என்ன பயன்’ என்ற நினைப்பு ஒருமுறை வந்தால்கூட, கால அட்டவணையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றே நீங்கள் நம்பும் பெரியவர் ஒருவரிடம் சொல்லி, மருத்துவரைப் பாருங்கள். தேர்வை அடுத்த வாய்ப்பில்கூட எழுதலாம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

கடைசியாக, தேர்வுக்கு முந்தைய இரவு. விழிக்க வேண்டாம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தாலே, ஓரளவு மது குடித்தவரைப் போல மூளையின் வேகம் குறைவதாக 1997இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த நிலையில் தேர்வுத்தாளைத் தொட வேண்டாம். அன்று மாலை புதிய பாடம் எதையும் திறக்காதீர்கள். தவறாகப் போட்ட கணக்குகளையும் விட்டுப்போன பதில்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு, வழக்கமான நேரத்துக்குப் படுங்கள். பதற்றத்தில் அன்று தூக்கம் சரியாக வராமல் போகலாம். அதற்காகப் பயப்படாதீர்கள். முந்தைய வாரங்களில் நன்றாகத் தூங்கியிருந்தால், ஓர் இரவு அரைகுறையாகத் தூங்கினாலும் சமாளித்து எழுதிவிடலாம்.

அன்புடன்.