கேளுங்கள், சொல்கிறேன்: கோ தாவ் தீவும் ஸ்கூபாவும்

போன இதழில் தாய்லாந்து வளைகுடாவில் இருக்கிற கோ தாவ் தீவைப் பற்றி நாலு பத்தி எழுதினேன். 21 சதுர கிலோமீட்டர்தான் மொத்தத் தீவும், ஆனால் முதுகுப்பையோடு வந்து ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரோடு கடலுக்கடியில் மூழ்குவது) கற்றுக்கொண்டு போகிறவர்கள் உலகத்தில் மிக அதிகமாகக் கூடும் இடங்களில் ஒன்று. அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

நீச்சல் சுத்தமாகத் தெரியாது. ஆபீஸில் பத்து நாள் லீவு தருவார்கள். கோ தாவ் போய் ஸ்கூபா சர்டிபிகேட் வாங்கிவிட முடியுமா?
– ஐ.டி. ஊழியர், கோவை

முடியாது. சரி, உடனே பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். சும்மா ஒரு தடவை கடலுக்கடியில் எட்டிப் பார்க்க வேண்டும் என்றால் நீச்சல் தேவையில்லை. இன்ஸ்ட்ரக்டர் கூடவே இருந்து 12 மீட்டருக்குள் சுற்றிக் காட்டிக் கூட்டி வந்துவிடுவார். ஆனால் 'ஓப்பன் வாட்டர்' என்கிற முதல் நிலை சர்டிபிகேட் என்றால் விதி வேறு. 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், பிறகு 10 நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். நேரக் கணக்கு கிடையாது, எந்த மாதிரி நீந்தினாலும் சரி. 25 மீட்டர் குளத்தில் எட்டு தடவை. கிணற்றில் குதித்து வளர்ந்தவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை, உங்களுக்கு இரண்டு மூன்று மாதம் காலையில் எழுந்து குளத்துக்குப் போகிற வேலை. டிக்கெட் போடுவதற்கு முன்னால் அதை முடியுங்கள்.

பத்து நாள் தாராளம். கோர்ஸ் மூன்று நான்கு நாள்தான். பாடப் பகுதியை ஆன்லைனிலேயே வீட்டில் படித்துவிட்டுப் போங்கள், அங்கே போய் சாயங்கால நேரத்தில் வீடியோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அநியாயம். முதலில் குளத்திலோ ஆழமில்லாத கரையோரத்திலோ பயிற்சி, அப்புறம் கடலில் நான்கு டைவ், அதிகபட்ச ஆழம் 18 மீட்டர். கட்டணம் சுமார் 10,000 பாட், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், உபகரணமெல்லாம் அதிலேயே சேர்ந்தது. சர்டிபிகேட் தருகிற அமைப்புகளில் பாடி (PADI) நல்லதா எஸ்.எஸ்.ஐ. (SSI) நல்லதா என்று சண்டை போடாதீர்கள், இரண்டும் உலகம் முழுக்கச் செல்லும். பள்ளியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர்?' விதி எட்டுப் பேர் வரை விடுகிறது. நாலு பேர் என்று சொல்கிற இடத்தில் ஆயிரம் பாட் கூடக் கேட்டாலும் கொடுங்கள். எட்டுப் பேரில் ஒருவருக்குக் காது வலித்தால் மற்ற ஏழு பேரும் இறங்குகிற கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும், காது வலிக்கிறவருக்கோ அந்த ஏழு பேரைப் பார்த்தாலே அவசரம் வந்துவிடும். முதல் தடவை இறங்குகிறவருக்கு அவசரத்தைவிடக் கெட்டது எதுவும் இல்லை.

என் தாத்தா சங்கு குளித்தவர். மூச்சை அடக்குவதுதான் அந்தத் தொழிலே. ஸ்கூபாவில் மூச்சை அடக்கவே கூடாது, அதுதான் முதல் விதி என்கிறார்களே, எப்படி?
– கல்லூரி மாணவர், தூத்துக்குடி

இந்த வாரக் கடிதங்களிலேயே எனக்குப் பிடித்த கேள்வி.

உங்கள் தாத்தா மேலே வள்ளத்தில் இருக்கும்போது நெஞ்சு நிறைய காற்று வாங்கிக்கொண்டு இறங்கினார். ஆறு லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஆகவே 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, நெஞ்சுக்குள் இருந்த ஆறு லிட்டர் மூன்று லிட்டராகச் சுருங்கிவிடும். சங்கை எடுத்துக்கொண்டு மேலே வரும்போது அது திரும்ப ஆறாகும், அவ்வளவுதான். இறங்கும்போது எவ்வளவு கொண்டு போனாரோ அதற்கு மேல் ஒரு சொட்டுக் காற்றும் நெஞ்சில் சேரவில்லை, அதனால் நுரையீரல் கிழிய வழியே இல்லை.

ஸ்கூபாவில் முதுகில் சிலிண்டர் இருக்கிறது. ரெகுலேட்டர் என்கிற கருவி, நீங்கள் எந்த ஆழத்தில் இருக்கிறீர்களோ அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றைக் கொடுக்கும். இல்லாவிட்டால் நெஞ்சை விரிக்கவே முடியாது. அப்படியென்றால் 10 மீட்டரில் நீங்கள் இழுக்கிற ஆறு லிட்டர், மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு அடர்த்தியான காற்று. அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால்? ஆறு லிட்டர் பிடிக்கிற இடத்தில் பன்னிரண்டு லிட்டர் இடம் கேட்கும். இதில் ஆழம் குறைவுதானே என்று அலட்சியமாக இருக்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் காற்று வேகமாக விரிவது கடைசிச் சில மீட்டரில்தான். நெஞ்சு நிறைய அடக்கியிருந்தால் நீச்சல் குள ஆழத்திலிருந்து வந்தாலே நுரையீரலில் காயம் ஏற்படலாம். அதனால்தான் வாயிலிருந்து ரெகுலேட்டரை எடுக்கிற பயிற்சியில்கூட உதட்டைக் குவித்துச் சின்னச் சின்னக் குமிழிகளாக விட்டுக்கொண்டே இருக்கச் சொல்வார்கள்.

ஏறுவதும் நிதானமாகத்தான். உங்கள் சின்னக் குமிழிகளை நீங்கள் முந்தக் கூடாது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், இப்போது கையில் கம்ப்யூட்டர் கட்டிவிடுகிறார்கள், வேகம் கூடினால் அது கத்தும். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுவிட்டு மேலே வருவது வழக்கம். உடம்பில் கரைந்திருக்கிற நைட்ரஜன் மெதுவாக வெளியேறத்தான் இந்த நிறுத்தம். தாத்தா இருந்தால் கேட்டுப் பாருங்கள், காது அடைப்பை அவர் எப்படித் திறந்தார் என்று. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதுகிற அதே வித்தைதான் அங்கேயும். வலி வந்த பிறகு ஊதக் கூடாது, வருவதற்கு முன்னாலேயே, அரை மீட்டருக்கு ஒரு தடவை.

தண்ணீருக்கடியில் மாஸ்கையே கழற்றச் சொல்கிறார்களாம். மகள் கூப்பிடுகிறாள், எனக்கு அதை நினைத்தாலே மூச்சு முட்டுகிறது. வயது 52.
– இல்லத்தரசி, ஈரோடு

வயது பிரச்சினையே இல்லை. மாஸ்க் (கண்ணையும் மூக்கையும் மூடுகிற கண்ணாடி) பயிற்சியில் பாதிப் பேர் திணறுவார்கள், இருபது வயதுக்காரர்களும் சேர்த்து.

மணலில் முட்டி போட்டு உட்காரச் சொல்வார்கள். மாஸ்கின் மேல் விளிம்பை லேசாக விலக்கினால் தண்ணீர் உள்ளே வந்து கண்வரை நிற்கும். அந்த நேரத்தில் மூக்கு தன்னால் தண்ணீரை இழுக்கப் பார்க்கும், அதுதான் பயமாக இருக்கும். வாயால் மட்டும் நாலு மூச்சு இழுத்து விடுங்கள், மூக்கு இருக்கிறது என்பதையே மறந்துவிட்டு. அப்புறம் மேல் விளிம்பை நெற்றியோடு சேர்த்து அழுத்திப் பிடித்து, முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி, மூக்கால் நீளமாக மூச்சை விடுங்கள். சளி சிந்துகிற மாதிரி படாரென்று வேண்டாம், மெதுவாக. உள்ளே போகிற காற்று தண்ணீரைக் கீழ் வழியாகத் தள்ளிவிடும். ஒரே மூச்சில் போகாவிட்டால் இரண்டாவது மூச்சு. முழுக்கக் கழற்றிப் போடுவதும் இதே கணக்குதான்.

வீட்டிலேயே பழகலாம். வாளி நிறைய தண்ணீர், ஒரு ஸ்நார்க்கல் குழாய், மாஸ்க் இல்லாமல் முகத்தை முக்கி வாயால் மட்டும் மூச்சு. இரண்டு வாரம் செய்துவிட்டுப் போங்கள் அம்மா, மகளைவிட நீங்கள்தான் முதலில் முடிப்பீர்கள்.

கண்ணாடி போடுகிறவன் நான். பவர் மைனஸ் 4.
– வங்கி ஊழியர், மதுரை

பவர் மாஸ்க் பல பள்ளிகளில் வைத்திருப்பார்கள், முன்கூட்டியே மெயில் போட்டுக் கேளுங்கள். சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸும் போடலாம், மாஸ்க் பயிற்சியின்போது கண்ணை மூடிக்கொண்டால் போதும். தண்ணீருக்குள் எல்லாமே கிட்டத்தில், பெரிதாகத் தெரியும் என்பதால் சின்ன பவர்காரர்கள் சும்மாவே சமாளித்துவிடுவார்கள், மைனஸ் 4 அந்த ரகம் இல்லை.

சின்ன வயதில் வீசிங் இருந்தது. மருத்துவப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போட்டுவிட்டால் போதும் என்று நண்பன் சொல்கிறான்.
– பெயர் வேண்டாம், திருச்சி

நண்பனை மாற்றுங்கள். அந்தப் படிவம் பள்ளிக்கு அல்ல, உங்களுக்காக. குறுகிய மூச்சுக்குழாயில் காற்று அடைபட்டுக்கொண்டு மேலே வந்தால் என்ன ஆகும் என்று தூத்துக்குடிக்காரருக்கான பதிலில் படித்தீர்களே. வீசிங் வந்தவர்கள் எல்லோரும் டைவ் செய்யவே கூடாது என்பதும் இல்லை. நுரையீரல் மருத்துவரிடம் படிவத்தைக் காட்டி, பரிசோதனை செய்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அங்கே போய் 'ஆம்' என்று போட்டால் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்க மாட்டார்கள், தீவில் கிளினிக் தேடி ஒரு நாள் போய்விடும்.

ஜலதோஷம் இருக்கிற நாளில் இறங்காதீர்கள். மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது அதைவிட மோசம், ஆழத்தில் மாத்திரை வேகம் தணிந்தால் காதுக்குள் மாட்டிய காற்று வெளியே வர வழியிருக்காது.

சுறா?
– ஏழாம் வகுப்பு, நாகர்கோவில்

பெரிதாக ஒன்றும் செய்யாது தம்பி. அந்தப் பக்கம் இருப்பது கருந்துடுப்புச் சுறா, உன்னைப் பார்த்ததும் அது ஓடிவிடும். அதிர்ஷ்டம் இருந்தால் சும்பொன் பினாக்கிள், செயில் ராக் பாறைகள் பக்கம் திமிங்கலச் சுறா வரும், பஸ் நீளத்துக்கு வளர்ந்தாலும் அது தின்பது கடலில் மிதக்கிற பொடி உயிர்களைத்தான். அங்கே டைவர்கள் உண்மையில் பயப்படுவது டைட்டன் ட்ரிகர் மீனுக்கு. உங்கள் ஊரில் கிளாத்தி என்பீர்களே, அந்தக் குடும்பத்துப் பெரிய உறவு. முட்டையிட்டுக் காவல் இருக்கும்போது கிட்டப் போனால் விரட்டி வந்து, காலில் மாட்டியிருக்கிற ஃபின் என்கிற துடுப்பைக் கடிக்கும். அதன் எல்லை கூட்டிலிருந்து மேலே போகப்போக விரிந்துகொண்டே போகும் என்பதால் மேலே ஏறித் தப்பிக்கப் பார்க்காதே, பக்கவாட்டில் விலகிப் போ. இன்னொன்று, கோர்ஸில் சேரப் பத்து வயது ஆனால் போதும். அப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு.

தனியாகப் போகிறேன். பாங்காக்கிலிருந்து எப்படிப் போவது? நவம்பரில் போகலாமா? அந்தமானே பக்கம்தானே என்கிறார்கள் வீட்டில்.
– ஆசிரியை, வேலூர்

பாங்காக்கிலிருந்து இரவு ரயிலில் சும்பொன், அங்கிருந்து காலைப் படகு, இரண்டு மணி நேரம் போல. தெற்கே போகிற தொலைதூர ரயில்கள் 2023 முதல் குருங் தெப் அபிவாட் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன, பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு பழைய ஹுவா லம்போங் நிலையத்தில் போய் நிற்காதீர்கள். ரயில் விடியுமுன் சும்பொனில் இறக்கிவிடும், படகு டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு வண்டி வரும். தீவில் பெண்களுக்கு மட்டுமான டார்ம் (பலர் சேர்ந்து தங்கும் அறை) கிடைக்கும். சில டைவ் பள்ளிகள் கோர்ஸ் நாட்களுக்குத் தங்கும் இடத்தையும் மலிவாகத் தருவார்கள்.

நவம்பர் வேண்டாம். வளைகுடாப் பக்கம் மழை கொட்டுகிற மாதம் அதுதான், படகு ரத்தானால் விமானத்தையும் சேர்த்துத் தவறவிடுவீர்கள். மார்ச் முதல் செப்டம்பர் வரை நல்லது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைக்குள் லீவு கிடைத்தால் வீட்டில் சொல்வது சரி, அந்தமானில் ஹேவ்லாக்கிலேயே கற்கலாம். விசா விதி அடிக்கடி மாறுகிறது, டிக்கெட்டுக்கு முன் பாருங்கள்.

சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?
– சென்னை

மஞ்சள் பலகையில் சிவப்புத் தாய் எழுத்தில் 'ஜே' (சுத்த சைவம்) என்று போட்டிருக்கிற கடைகளில் மீன் சாஸ்கூட இருக்காது. மற்ற இடங்களில் காய்கறி வறுவலிலும் அது சேரும், 'நாம் பிளா' (தாய் மொழியில் மீன் சாஸ்) வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள்.

கடைசி நாள் காலையில் ஒரு டைவ் போட்டுவிட்டு அன்றைக்கே ஃபிளைட் பிடிக்கலாமா?
– மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்

கூடாது. பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது, 24 என்று வைத்துக்கொண்டால் கவலையில்லை. விமானத்துக்குள் அழுத்தம் குறைவு, உடம்பில் மிச்சமிருக்கிற நைட்ரஜன் குமிழாகிவிடும். அந்தக் கடைசி நாளை எல்லோரும் வாடகை ஸ்கூட்டரில்தான் கழிக்கிறார்கள், தீவின் மேட்டுச் சாலை செங்குத்து, மணல் வேறு. முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு கட்டோடு திரும்புகிறவர்கள் நிறைய. சர்வதேச ஓட்டுநர் உரிமம் இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீட்டில் பெரும்பாலும் ஒரு பைசா வராது. வாடகைக்கு எடுத்தே தீருவேன் என்றால் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்காதீர்கள், வண்டியின் பழைய கீறல்களையெல்லாம் கிளம்புவதற்கு முன்னாலேயே போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.