சீந்திலும் பத்தாவாலியும் ஒன்றா?

கேள்வி: எனக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் சீந்தில் பொடி வாங்கினேன். கூடவே ஓர் ஆய்வுக்கூடத் தாள் கொடுத்தார்கள். ஆல்கலாய்டு, டானின், சபோனின் என்ற தாவர ரசாயனங்கள் எல்லாம் 'இருக்கிறது' என்று போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா), தன் வேலியில் படர்ந்திருக்கும் பத்தாவாலியும் இதுவும் ஒன்றுதான் என்கிறார். நம்பிச் சாப்பிடலாமா?
– வாசகி, செந்தூல்

பதில்: ஒன்றில்லை, அக்கா. இரண்டும் ஒரே குடும்பத்துக் கொடிகள்தான், இரண்டும் கசக்கும், ஆனால் நம் சீந்தில் டைனோஸ்போரா கார்டிபோலியா, மக்சிக் வீட்டுப் பத்தாவாலி டைனோஸ்போரா கிரிஸ்பா. தண்டைத் தொட்டுப் பார்த்தாலே ஓரளவு தெரியும்: பத்தாவாலி பாகற்காய் மாதிரி முண்டு முண்டாக இருக்கும், சீந்தில் தண்டில் அந்த அளவுக்கு இருக்காது, மேல்தோல் காகிதம் போல உரியும். பொடியாக்கிவிட்டால் இந்த அடையாளம் எல்லாம் போய்விடும், சிக்கலே அங்கேதான்.

அந்தத் தாளில் இருப்பது முதல்கட்டச் சோதனை. சாற்றில் ஒரு திரவத்தை விட்டால் ஆரஞ்சு நிறத்தில் படியும், ஆல்கலாய்டு உண்டு என்பார்கள். தண்ணீரில் குலுக்கினால் நுரை நிற்கும், சபோனின் உண்டு என்பார்கள். சரி, மிளகிலும் ஆல்கலாய்டு உண்டு, தேயிலையில் டானின், பூந்திக்கொட்டையில் சபோனின். என்ன வகைப் பொருள் இருக்கிறது என்றுதான் அது சொல்லும், எந்தச் செடி என்று சொல்லாது.

செடியை அடையாளம் காண ரசாயனக் கைரேகை வேண்டும். சிலிக்கா பூசிய தகட்டின் அடியில் உங்கள் பொடியின் சாற்றை ஒரு கோடாக வைத்து, பக்கத்திலேயே தாவரவியலாளர் உறுதிசெய்த சீந்தில், பத்தாவாலி இரண்டின் சாற்றையும் வைத்து, கரைப்பானில் நிறுத்துவார்கள். கரைப்பான் மேலே ஏற ஏற ஒவ்வொரு பொருளும் ஒவ்வோர் உயரத்தில் தங்கிவிடும். அப்புறம் 254, 366 நானோமீட்டர் புறஊதா ஒளியில் பார்த்தால் பட்டைபட்டையாகத் தெரியும், எதோடு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டியதுதான். போராபெட்டோசைடு என்ற கசப்புப் பொருள் பத்தாவாலியை அடையாளம் காட்டும், பொடியில் அது தெரிந்தால் கலப்படம் என்று சந்தேகப்படலாம்.

இவ்வளவு ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், பத்தாவாலி சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவு இருக்கிறது. கொரோனா காலத்தில் இந்தியாவில் சீந்தில் சாப்பிட்டவர்களுக்கும் அப்படி வந்தபோது, 2022-இல் அந்நாட்டுப் பாரம்பரிய மருத்துவத் துறையான ஆயுஷ் அமைச்சு இந்த இனக் குழப்பத்தைத்தான் சுட்டிக்காட்டியது. ஆனால் சரியான சீந்தில்தான் என்று உறுதியானாலும் பயமில்லை என்று ஆகிவிடாது. கைரேகை செடியைத்தான் சொல்லும், பொடியில் ஈயம் இருக்கிறதா, உங்கள் மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை அளவுக்கு மேல் இறங்குமா என்பதைச் சொல்லாது.

பொட்டலத்தில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கி, எண்களுக்குப் பின் டி (T) எழுத்து வரும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏ (NPRA) இணையதளத்தில் தட்டிச் சரிபாருங்கள். எண் இல்லையென்றால் தொடவேண்டாம். இருந்தாலும் பொட்டலத்தோடு உங்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஏற்கெனவே சாப்பிட ஆரம்பித்து, கண் மஞ்சளானாலோ சிறுநீர் கட்டித் தேநீர் நிறத்தில் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், பொடியையும் கையோடு எடுத்துப் போங்கள்.